'இஞ்சுரி' என்றால் காயம் மட்டும்தானா? ஒரு வரப்புத் தகராறில் கிளம்பிய கேள்வி

வாய்க்கால்மேடு எழுதியது:

வணக்கம். சட்டம் தெரிந்தவர்களும் சொல் ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ளவர்களும் கொஞ்சம் உதவுங்கள்.

எங்கள் சித்தப்பா மகனுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வரப்புத் தகராறு. கைகலப்பு எதுவும் இல்லை, வெறும் வாய்ச்சண்டை. "ஊர்ல உன் மானத்தை வாங்கிடுவேன், போர் மோட்டாரைப் பிடுங்கி எறிஞ்சிடுவேன்" என்று தம்பி கத்தியிருக்கிறான். அவர் நேராகப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார். மிரட்டல் பிரிவில் வழக்கு. வக்கீல் ஆபீசில் கொடுத்த ஆங்கிலக் காகிதத்தில், எதிராளியின் பெயருக்கும் சொத்துக்கும் 'இஞ்சுரி' செய்வதாக மிரட்டினான் என்று இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து தம்பி கொதிக்கிறான். "அந்தாளு மேல ஒரு கீறல் இல்ல, இதுல எங்கேருந்து இஞ்சுரி வந்துச்சு?"

எனக்கும் அதே சந்தேகம்தான். சிகரெட் பாக்கெட்டில் 'இஞ்சூரியஸ் டு ஹெல்த்' என்று போட்டிருந்தார்களே, புகை யாரைக் கிழித்தது? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, உண்மையில் என்ன பொருள்?

---

ஆஃப்சைடு எழுதியது:

இஞ்சுரி = காயம். எல்.கே.ஜி. பையனுக்கே தெரியும். அடுத்த இழைக்குப் போகலாமா?

---

நெல்லை_வக்கீல் எழுதியது:

ஆஃப்சைடு தம்பி, கொஞ்சம் பொறுங்கள். கோர்ட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்.

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் வந்தது. அதன் 44ஆம் பிரிவு இஞ்சுரிக்கு இலக்கணம் சொல்கிறது. ஒருவருடைய உடலுக்கோ, மனதுக்கோ, நற்பெயருக்கோ, சொத்துக்கோ சட்டவிரோதமாக விளைவிக்கும் எந்தக் கேடும் இஞ்சுரிதான். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 2ஆம் பிரிவின் 14ஆம் உட்பிரிவில் அதே வாசகத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். உடல் நான்கில் ஒன்றுதான். ஆக, மானத்தை வாங்குவேன் என்று மிரட்டினாலும் மோட்டாரைப் பிடுங்குவேன் என்று மிரட்டினாலும் இஞ்சுரி செய்வதாக மிரட்டியதுதான். தம்பியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அந்த வரையறையில் 'சட்டவிரோதமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. மூலம் லத்தீனில் 'இனியூரியா'. 'இன்' என்றால் இல்லாத, மாறான. 'யூஸ்' என்றால் உரிமை, சட்டம், நியாயம். நியாயத்துக்கு மாறாகச் செய்தது எதுவோ அது இனியூரியா. ஜஸ்டிஸ், ஜூரி, பெர்ஜுரி எல்லாம் அதே 'யூஸ்' குடும்பம். அதாவது இஞ்சுரியும் ஜஸ்டிஸும் ரத்த சொந்தம். நார்மன்கள் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்தபின் அங்கே கோர்ட் பாஷை பிரெஞ்சாக இருந்தது. அந்த வழியாக 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரி வழியாக வந்ததல்ல, கோர்ட் வழியாக வந்தது.

ரத்தம் வரும் காயத்துக்கு ஆங்கிலேயர்களிடம் 'வூண்ட்' என்ற சொல் ஏற்கெனவே இருந்தது, அவர்களுடைய சொந்தச் சொல். 'ஹர்ட்' பழைய பிரெஞ்சு. முட்டுவது, மோதுவது என்பதிலிருந்து வந்தது.

---

நைட்_டூட்டி எழுதியது:

வக்கீல் சார் சொல்வது சரியாகவே இருக்கட்டும். எங்கள் காஷுவாலிட்டியில் வந்து நின்று பாருங்கள், இஞ்சுரி என்றால் சென்டிமீட்டர்தான்.

அடிதடி கேஸ் வந்தால் முதலில் ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர். 'தெரிந்த இரண்டு நபர்கள் மாலை 7 மணி சுமாருக்குக் கட்டையால் தாக்கியதாகச் சொல்லப்படுகிறது' என்று ஒரு வரி. அந்த வரி எல்லா கேஸிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான், ஆளும் ஆயுதமும் மணியும் மட்டும் மாறும். அடுத்து அங்க அடையாளம் இரண்டு. பெரும்பாலும் மச்சம். மச்சம் தேடுவதற்குள் பாதி உயிர் போய்விடும். அப்புறம்தான் காயங்கள்: நெற்றியில் 3க்கு 1 செ.மீ. லாசரேஷன் (கிழிசல்), முழங்கையில் அப்ரேஷன் (சிராய்ப்பு), முதுகில் கன்டியூஷன் (கன்றல்). எக்ஸ்ரே பார்த்த பிறகு டாக்டர் வூண்ட் சர்டிபிகேட்டில் 'சிம்பிள்' (சாதாரணக் காயம்) அல்லது 'கிரீவியஸ்' (கொடுங்காயம்) என்று போடுவார்.

கூட வந்தவர்களின் சண்டை அங்கே ஆரம்பிக்கும். "கிரீவியஸ் போடுங்க மேடம்" என்று ஒரு கூட்டம், "சிம்பிள்னு போட்டா புண்ணியமாப் போகும்" என்று எதிர்க் கூட்டம். இரண்டு கூட்டமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் நான் லத்தீன் பேசினால் எனக்கும் ஒரு ரிஜிஸ்டர் போட வேண்டி வரும்.

---

நெல்லை_வக்கீல் எழுதியது:

ஹா ஹா. ஆனால் சிஸ்டர், நீங்கள் சொல்லும் சிம்பிளும் கிரீவியஸும் சட்டத்தில் 'ஹர்ட்' பற்றியவை. உடல் வலி, நோய், உடல் தளர்ச்சி உண்டாக்கினால் ஹர்ட். கொடுங்காயத்துக்குப் பழைய சட்டத்தின் 320ஆம் பிரிவில் எட்டு வகை. கண், காது, உறுப்பு என்று போகும் வரிசையில் எலும்பும் பல்லும் சேர்ந்தே வரும். அதனால்தான் 'ஒரு பல்லு போனாலே கிரீவியஸ்' என்று ஊரில் சொல்கிறார்கள். சரியான பேச்சு. எட்டாவது வகையில், 20 நாள் கடும் வலியோடு கிடந்தாலோ அன்றாட வேலை பார்க்க முடியாமல் போனாலோ என்று இருந்தது. புதிய சட்டத்தின் 116ஆம் பிரிவு அதை 15 நாளாகக் குறைத்துவிட்டது.

மெக்காலே குழு 1837இல் தயாரித்த வரைவுதான் அந்தப் பழைய சட்டத்துக்கு அடிப்படை. உடம்பு நோவுக்கு ஹர்ட், எல்லா அநியாயக் கேட்டுக்கும் இஞ்சுரி என்று இரண்டையும் தனித்தனியாக வைத்தது நல்ல காரியம். நாம்தான் பேச்சில் கலந்துவிட்டோம்.

---

பழைய_செமினேரியன் எழுதியது:

குருமடத்தில் லத்தீன் படித்துவிட்டு, பாதியில் வெளியே வந்து, மளிகைக் கடை நடத்துகிறவன் நான். அந்த லத்தீனுக்கு இன்றைக்குத்தான் வேலை வந்திருக்கிறது.

ரோமாபுரியின் பன்னிரண்டு பலகைச் சட்டம் கி.மு. 450 வாக்கில் எழுதப்பட்டது. அதில் எலும்பை உடைத்தால் அபராதம் 300 ஆஸ், உடைந்தது அடிமையின் எலும்பு என்றால் 150. ஆஸ் என்பது செப்புக் காசு. உறுப்பையே சிதைத்துவிட்டால், பேசி ஒத்துவராத பட்சத்தில் பதிலுக்குப் பதில். இவற்றுக்குக் கீழே, அறைவது போன்ற சில்லறை அடிக்கு 'இனியூரியா' என்று பெயர், அபராதம் 25 ஆஸ்.

காலம் போகப்போகக் காசின் மதிப்பு செத்துப்போனது. அப்போது லூசியுஸ் வெராதியுஸ் என்று ஒரு திமிர்பிடித்த பணக்காரன். எதிரே வருகிற சுதந்திர மனிதர்களின் கன்னத்தில் பளாரென்று அறைவது அவனுக்குப் பொழுதுபோக்கு. பின்னாலேயே ஓர் அடிமை பணப்பையோடு வருவான். அறை விழுந்த உடனே அந்த இடத்திலேயே 25 ஆஸ் எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். சட்டப்படி கணக்கு தீர்ந்தது! கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆலுஸ் கெல்லியுஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். நீதிபதிகள் பார்த்தார்கள், இது வேலைக்கு ஆகாது என்று நிலையான அபராதத்தைக் கைவிட்டு, அவமானத்தின் அளவைப் பார்த்துத் தொகையை முடிவு செய்யும் முறைக்கு மாறினார்கள்.

அதற்குப் பிறகு இனியூரியாவின் எல்லை விரிந்துகொண்டே போனது. ஒருவர் வீட்டு வாசலில் ஆள் கூட்டி நின்று வசை பாடுவது இனியூரியா. குடும்பப் பெண்ணின் பின்னால் ஒரு வார்த்தை பேசாமல் அடிக்கடி தொடர்ந்து நடப்பதும் இனியூரியா, சட்ட அறிஞர் உல்பியானுஸ் அதைத் தனியாக விளக்கியிருக்கிறார். நம் நாட்டில் பின்தொடர்தலுக்கென்று தனிப் பிரிவு 2013இல்தான் வந்தது.

---

சந்தேகப்_பேர்வழி எழுதியது:

நல்ல கதை. ஆனால் ஐயா, உங்கள் கதையே வக்கீலுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே? ஆகப் பழைய சட்டத்தில் இனியூரியா என்றால் அடி. அறை. உடம்பு மேல் விழுந்தது. நியாயம், உரிமை என்ற தத்துவமெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அப்படியென்றால் ஆஃப்சைடு முதலில் சொன்னது தப்பில்லை. சட்டக்காரர்களுக்குத் தங்கள் சொற்கள் வானத்திலிருந்து குதித்தவை என்று ஒரு நினைப்பு.

---

ஆஃப்சைடு எழுதியது:

நன்றி தலைவா. ஃபுட்பாலில் இஞ்சுரி டைம் என்றால் எவனோ காலைப் பிடித்துக்கொண்டு உருண்ட நேரம்தான். நியாயம் இழந்த நேரம் இல்லை. (எங்கள் டீம் தோற்ற அன்றைக்கு மட்டும் அப்படித் தோன்றும்.)

---

பழைய_செமினேரியன் எழுதியது:

சந்தேகப் பேர்வழி, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பலகையை மறுபடி பாருங்கள். எலும்பு முறிவுக்குத் தனிப் பெயர், உறுப்புச் சிதைவுக்குத் தனிப் பெயர். பெரிய உடல் காயம் எதற்கும் அங்கே இனியூரியா என்ற பெயர் இல்லை. அந்தப் பெயர் கிடைத்தது அறைக்கு மட்டும். அறைந்தால் எலும்பு உடைவதில்லை, வீங்கினாலும் மறுநாள் வற்றிவிடும். மானம்தான் போகும். உடம்பில் பட்டது உண்மை, ஆனால் தண்டித்தது உடம்புக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்லின் கட்டுமானமும் அதைத்தான் சொல்கிறது: 'இன்', 'யூஸ்' இரண்டிலும் உடம்பே கிடையாது.

---

முத்தியால்பேட்டை எழுதியது:

புதுச்சேரியிலிருந்து ஒரு சாட்சி. பிரெஞ்சில் 'ஆஞ்யூர்' என்று ஒரு சொல் உண்டு. அதே லத்தீன் சொல்லின் பிள்ளை. அதற்குப் பொருள் வசை, கெட்ட வார்த்தை. 1881இல் வந்த பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு அவதூறையும் ஆஞ்யூரையும் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட செய்தியைச் சொல்லிப் பெயரைக் கெடுத்தால் அவதூறு. செய்தி எதுவும் இல்லாமல் வெறும் வசையாகத் திட்டினால் ஆஞ்யூர். உடல் காயத்துக்கு அங்கே 'பிளெஸ்யூர்' என்று வேறு சொல். இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும்கூட இந்தச் சொல் திட்டு, அவமதிப்பு பக்கம்தான் நிற்கிறது. அண்ணன் தம்பிகள் எல்லாம் வாய்ச்சண்டையில் நிற்க, ஆங்கிலத்துக்காரன் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

எங்கள் பெரியப்பா பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். வீட்டில் யாராவது சத்தம் போட்டால், "வீட்டுக்குள்ள ஆஞ்யூர் வேணாம்" என்பார். நாங்கள் அதை ஏதோ பாத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

---

நெல்லை_வக்கீல் எழுதியது:

பெரியப்பாவுக்கு ஒரு வணக்கம்.

சந்தேகப் பேர்வழிக்கு ஒரு வழக்கு சொல்கிறேன். ஆஷ்பி எதிர் வைட், 1703. இங்கிலாந்தின் ஐல்ஸ்பரி ஊரில் ஆஷ்பி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியை ஓட்டுப் போடவிடவில்லை. அவர் ஆதரித்த வேட்பாளர் எப்படியும் ஜெயித்துவிட்டார். உனக்கு என்ன நஷ்டம் என்று மற்ற நீதிபதிகள் கேட்டார்கள். தலைமை நீதிபதி ஹோல்ட் ஒருவர் மட்டும் மாறுபட்டார். ஒருவன் காதோரம் ஓர் அறை வாங்குகிறான், கொஞ்சம் களிம்புக்குக்கூடக் காசு செலவாகவில்லை, ஆனாலும் அவன் வழக்குப் போடலாம், அது அவனுக்கு இழைத்த இஞ்சுரி என்றார். பிரபுக்கள் சபையில் அவர் கட்சிதான் ஜெயித்தது. பாருங்கள், ரோமாபுரியின் அதே அறை இங்கேயும் வந்து விழுகிறது.

சட்டக் கல்லூரியில் இதை 'இஞ்சூரியா சைனே டாம்னோ' என்று மனப்பாடம் செய்வோம் (அதே இனியூரியாதான், ஆங்கில உச்சரிப்பில்). நஷ்டமில்லாத உரிமைமீறல். நம் ஊர் உதாரணம், ஜம்மு காஷ்மீர் எம்.எல்.ஏ. பீம் சிங் வழக்கு. சட்டசபைக் கூட்டத்துக்குப் போகவிடாமல் அவரைப் பிடித்து வைத்தார்கள். 1985இல் உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இதற்கு நேர் தலைகீழும் உண்டு. 1410இல் குளோஸ்டர் ஊரில் ஒரு வாத்தியார் எதிர்ப் பள்ளிக்கூடம் திறந்தார். பழைய பள்ளி காலாண்டுக்கு 40 பென்ஸ் வாங்கிய கட்டணத்தை 12க்கு இறக்க வேண்டியதாயிற்று. நல்ல நஷ்டம். ஆனால் உரிமை எதுவும் மீறப்படவில்லை, ஆகவே இஞ்சுரி இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். உங்கள் டீக்கடைக்கு எதிரே இன்னொருவன் டீக்கடை போட்டால் அழலாம், கேஸ் போட முடியாது.

சர்ஜன் வயிற்றைக் கிழிக்கிறாரே, அது காயம். சம்மதத்தோடு, முறைப்படி, நோயாளியின் நலனுக்காகச் செய்ததால் சட்டக் கணக்கில் இஞ்சுரி இல்லை.

---

நைட்_டூட்டி எழுதியது:

அந்தக் காயத்துக்கு டிரெஸ்ஸிங் மாற்றுவது யார் என்று சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா சார்? :)

---

ஸ்பின்னிங்_மில் எழுதியது:

கோயம்புத்தூர்ப் பக்கம் நூற்பாலை வேலை. எங்களுக்கு இந்தச் சொல் வக்கீல் மூலமும் வரவில்லை, டாக்டர் மூலமும் வரவில்லை. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு மூலம் வந்தது. அதன் 1948ஆம் வருடச் சட்டத்திலேயே 'எம்ப்ளாய்மென்ட் இஞ்சுரி' என்று ஒன்று வந்தது. வேலையில் விபத்து நடந்தாலும் அதுதான், அட்டவணையில் உள்ள தொழில் நோய் வந்தாலும் அதுதான்.

பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் அந்த அட்டவணையில் இருக்கிறது. பஞ்சை உதறிச் சிக்கெடுக்கும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பல வருடம் நின்றவர்களுக்கு வரும். வார லீவு முடிந்து முதல் ஷிஃப்ட் ஏறும்போது நெஞ்சை இறுக்கும். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, வெளியே தழும்பு கிடையாது. ஆனால் சட்டப்படி அது இஞ்சுரி. வாய்க்கால்மேடு கேட்ட சிகரெட் கேள்விக்கும் இதுவே பதில் என்று நினைக்கிறேன்.

---

நெல்லை_வக்கீல் எழுதியது:

அருமை. பிரிட்டனில் 1897இலும் இங்கே 1923இலும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் வந்தன. இரண்டிலும் 'விபத்தால் ஏற்படும் பெர்சனல் இஞ்சுரி' என்பதுதான் மையச் சொற்றொடர். பொதுப் பேச்சில் இஞ்சுரி உடம்போடு ஒட்டிக்கொண்டதற்கு இன்ஷூரன்ஸ் படிவமும் ஆலை விபத்தும் ரயில் விபத்தும் பெரிய காரணம் என்பது என் அனுமானம்.

அதற்கு முன்னால் அப்படி இல்லை. 1776 அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியைத் திரும்பத் திரும்ப நடந்த 'இஞ்சுரிகளின்' வரலாறு என்கிறது. கை கால் ஒடித்ததையா சொன்னார்கள்? சட்டசபையைக் கலைத்தது, சம்மதமில்லாமல் வரி போட்டது, இதையெல்லாம்தான் பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

---

கொக்குவில்_காற்று எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் இனியூரியாவைப் பழங்கதை மாதிரிக் கதைக்கிறீர்கள். இலங்கையில் அது இன்னும் உயிரோடு இருக்கு. ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன்-டச்சுச் சட்டம்தான் எங்கட பொதுச்சட்டம். இஞ்ச ஒருவர் உங்கட பெயரைக் கெடுத்தால் நீங்கள் போடும் சிவில் வழக்கின் பெயரே 'ஆக்சியோ இஞ்சூரியாரும்'. 2002இல் அவதூறைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துப்போட்டார்கள். அதுக்குப் பிறகு பெயர் கெட்டவருக்கு முக்கியமான வழி இதுதான். அவமதிக்கும் எண்ணம் இருந்ததா என்பதுதான் அங்க பெரிய கேள்வி, அதுக்கும் 'ஆனிமுஸ் இஞ்சூரியாண்டி' என்று லத்தீன் பெயர்தான். தென்னாபிரிக்காவிலும் இதே கதை, அவையும் ஒல்லாந்தரிட்டை வாங்கினவை.

என்ர மாமா ஒருவர் சட்டத்தரணி. காயம் பட்ட வழக்கு எண்டால் அவருக்குப் பிடிக்காது, "இஞ்சூரியாரும் வழக்குத்தான் வழக்கு" என்று சொல்லுவார்.

---

சந்தேகப்_பேர்வழி எழுதியது:

கொக்குவில் அண்ணா சொன்னது புதுச் செய்தி. மகிழ்ச்சி. ஆனாலும் என் கட்சியை விடப் போவதில்லை. ஒரு சொல் ரோமாபுரியில் என்னவாக இருந்தது என்பதை வைத்து, இன்றைக்கு அது என்ன என்று தீர்ப்பு எழுத முடியாது. இன்றைக்குத் தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் உடம்பைத்தான் காட்டுவார்கள். சட்டம் பழைய பொருளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

போகட்டும், 'ட்ராமா' இதற்கு நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறதே, கவனித்தீர்களா?

---

நைட்_டூட்டி எழுதியது:

ஆமாம், ட்ராமா கிரேக்கத்தில் சாதாரணக் காயம்தான். எங்கள் ட்ராமா வார்டில் இன்னும் அந்தப் பொருள்தான்: பைக் ஆக்ஸிடென்ட், மாடியிலிருந்து விழுந்தவர்கள். ஆனால் என் தங்கச்சி மகள் பரீட்சை ஹாலையே ட்ராமா என்கிறாள். இங்கிலாந்தில் 1866இல் எரிக்சன் என்ற சர்ஜன் ரயில் விபத்தில் சிக்கியவர்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். வெளியே பெரிய காயம் இல்லாமலேயே நடுக்கம், தூக்கமின்மை, பயம். தண்டுவட அதிர்ச்சி என்று அவர் நினைத்தார். மனசுதான் காரணம் என்று பிறகு வந்தவர்கள் வாதாடினார்கள். இப்படித்தான் ட்ராமா உடம்பிலிருந்து மனசுக்கு நகர்ந்தது. இஞ்சுரி நியாயத்திலிருந்து உடம்புக்கு வந்தது. இரண்டும் ரயில்வே ஸ்டேஷனில் எதிரெதிரே கடந்து போயிருக்கும் போல.

---

திண்ணைப்பேச்சு எழுதியது:

தீயினாற் சுட்ட புண் உள்ளாறும்...

---

சந்தேகப்_பேர்வழி எழுதியது:

வந்துட்டாருய்யா. இன்னும் யாரும் சொல்லவில்லையே என்று காத்துக்கொண்டிருந்தேன்.

---

பழைய_செமினேரியன் எழுதியது:

குறள் வந்ததால் ஒரு ஈக்கதை. ஆங்கிலத்தில் 'இஞ்சுரியோடு இன்சல்ட்டையும் சேர்ப்பது' என்பார்களே, அது ரோமானியக் கதைசொல்லி ஃபைத்ருஸிடமிருந்து வந்தது. மொட்டைத் தலைக்காரர் ஒருவரை ஈ கடித்தது. அவர் அதை அடிக்கப் போய்த் தன் மண்டையிலேயே போட்டுக்கொண்டார். ஈ சிரித்தது: சின்னக் கடிக்கு என்னைக் கொல்லப் பார்த்தாயே, இனியூரியாவோடு அவமானத்தையும் சேர்த்துக்கொண்ட உன்னை நீயே என்ன செய்யப் போகிறாய்?

ரோமானிய வக்கீல் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால், 'அவமானமே இனியூரியாவுக்குள் அடக்கம், தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை' என்று ஈயையே குறுக்கு விசாரணை செய்திருப்பார்.

---

வாய்க்கால்மேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தம்பிக்கு இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். வெராதியுஸ் கதை ரொம்பப் பிடித்துவிட்டது, 25 ஆஸ் இப்போது எவ்வளவு ரூபாய் வரும் என்று கேட்கிறான். கேள்வியின் நோக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

வக்கீல் சார், ஒரு விஷயம். காகிதத்தில் பழைய 506ஆம் பிரிவுதான் போட்டிருக்கிறது. புதிய சட்டம் வந்துவிட்டதே, அது செல்லுமா?

---

நெல்லை_வக்கீல் எழுதியது:

சம்பவம் நடந்த தேதியைப் பாருங்கள். 2024 ஜூலை 1க்கு முன்னால் நடந்திருந்தால் பழைய சட்டம்தான், 506 சரி. அன்றோ அதற்குப் பிறகோ என்றால் 351 என்று இருக்க வேண்டும். தேதி தப்பாக இருந்தால் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். அதுவரை தம்பி அந்த வரப்புப் பக்கம் போகாமல் இருக்கட்டும். அந்த மோட்டாரைத் தொட்டான் என்றால் மிரட்டலோடு சொத்துச் சேதமும் சேர்ந்துகொள்ளும்.